9 லட்சம் கிலோமீட்டர் ஓடிய லாரி இன்ஜின்: ரிங்கோடு நிறுத்துவதா, பிளாக்கையே இறக்குவதா?

கேள்வி இதுதான். 2009 மாடல் டாடா 2515, கம்மின்ஸ் 6பிடி இன்ஜின், மீட்டரில் 9 லட்சம் கி.மீ. 400 கி.மீ.க்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கிறது. பிரீதரில் (இன்ஜின் மூச்சு விடும் குழாயில்) புகை. லோடோடு ஓடி வந்து ஐடிலில் நிற்கும்போது ஆயில் லைட் மினுக்குகிறது. இழுவை குறையவில்லை, மைலேஜ் மட்டும் 4-லிருந்து 3.7-க்கு இறங்கிவிட்டது. ஒரு மெக்கானிக் ‘ரிங் (பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம்) போட்டால் போதும்’ என்கிறார். இன்னொருவர் ‘ஃபுல் இன்ஜின் செய்யாமல் தீராது’ என்கிறார். மூன்றாவது ஆள் ‘ரெடி இன்ஜின் (வேறு இடத்தில் புதுப்பித்து வைத்த இன்ஜின்) வாங்கி மாட்டிவிட்டு வேலையைப் பாருங்கள்’ என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

தம்பி, மூன்று பேருமே அனுபவசாலிகளாக இருக்கலாம். ஆனால் நீங்கள் எழுதியதைப் பார்த்தால் மூன்று பேரில் ஒருவர்கூட எதையும் அளந்து பார்க்கவில்லை. புகையைப் பார்த்தார்கள், மீட்டரைப் பார்த்தார்கள், சொல்லிவிட்டார்கள். எவ்வளவு தூரம் பிரிப்பது என்பதைப் பிரிப்பதற்கு முன்னாலேயே முடிவு செய்துவிட்டால் பணம் இரண்டு வழியில் போகும். ஒன்று, தேவையில்லாத வேலைக்கு. இல்லாவிட்டால், அரைகுறையாக விட்டதை ஆறு மாதத்தில் மறுபடி பிரிப்பதற்கு.

9 லட்சம் என்ற எண்ணைக் கேட்டு மிரளவும் வேண்டாம், அதை நம்பவும் வேண்டாம். சங்ககிரியிலிருந்து மும்பைக்கு லைன் ஓடும் வண்டியில் 9 லட்சம் என்பது ஒரு கணக்கு. சூடேறிய இன்ஜின், ஒரே சீரான வேகம், தார் ரோடு. கல் குவாரியில் ஓடும் டிப்பருக்கு அதில் மூன்றில் ஒரு பங்கே மூச்சு முட்டிவிடும். பாதி நேரம் ஐடிலில் நிற்கும், மீதி நேரம் முதல் கியரில் தூசியைக் குடித்துக்கொண்டு ஏறும். போரை, அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் துளையைத் தின்பது ஓட்டம் மட்டும் இல்லை, தூசியும்தான். அதனால் முதல் வேலையாக ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் ஹோஸைக் கழற்றி, உள்ளே விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். விரலில் மண் ஒட்டினால் இந்த இன்ஜின் பல மாதமாக ஃபில்டருக்குத் தப்பிய காற்றைக் குடித்திருக்கிறது. ஹோஸில் வெடிப்போ கிளிப் தளர்வோ இருக்கும். அதைச் சரி செய்யாமல் எத்தனை லட்சம் போட்டுப் புது பிஸ்டன் மாட்டினாலும் அதே மண் அதையும் தின்னும்.

இனி புகைக்கு வருவோம். பிரீதரில் புகை, ஆயில் குடிக்கிறது என்றவுடன் ‘பேக் கம்ப்ரஷன் (எரிந்த காற்று ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குவது), ரிங் போச்சு’ என்று சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால் ஆயிலைக் குடிக்க வேறு இரண்டு வாய்கள் உண்டு, அவற்றை யாரும் பார்ப்பதில்லை.

ஒன்று, பிரேக்குக்குக் காற்று அடிக்கும் ஏர் கம்ப்ரஸர். அதற்கும் பிஸ்டன் உண்டு, ரிங் உண்டு, இன்ஜின் ஆயில்தான் அதற்கும் போகிறது. அதன் ரிங் தேய்ந்தால் ஆயில் ஏர் டேங்குக்குப் போகும், காற்று இன்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் சம்புக்குள் வந்து பிரீதர் வழியாக ஊதும். காலையில் ஏர் டேங்கின் அடி வால்வைத் திறந்து ஒரு வெள்ளைத் துணியில் பிடியுங்கள். தண்ணீர் வந்தால் சகஜம். கறுப்பாக, பிசுபிசுவென்று ஆயில் வந்தால் ஒரு திருடனைப் பிடித்துவிட்டீர்கள். இன்னொரு சோதனையும் உண்டு. வண்டியை ஐடிலில் விட்டு, டேங்க் நிறையும்வரை பிரீதரைக் கவனியுங்கள். டேங்க் நிறைந்து ‘புஸ்’ என்று கட் ஆன பிறகும் பாருங்கள். கட் ஆனதும் ஊதல் சட்டென்று குறைந்தால் அந்தக் காற்றில் ஒரு பங்கு கம்ப்ரஸருடையது. கம்ப்ரஸர் வேலை அரை நாளில் முடியும்.

இரண்டாவது வாய் டர்போ. இன்டர்கூலருக்குப் போகும் பைப்பைக் கழற்றிச் சாய்த்தால் உள்ளிருந்து ஆயில் ஒழுகுகிறதா? ஷாஃப்டை விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் சக்கரம் ஹவுசிங்கில் உரசுகிறதா? லேசான ஈரமும், மயிரிழை ஆட்டமும் எல்லா டர்போவிலும் உண்டு. உரசல் இருக்கக்கூடாது.

அப்புறம் டிப் ஸ்டிக். ஆயிலை மோந்து பாருங்கள். டீசல் வாடை அடிக்கிறதா? 400 கி.மீ.க்கு ஒரு லிட்டர் போகிறது என்று நீங்கள் சொல்வதால் லெவல் ஏறியிருக்காது. ஆனால் ஃபீட் பம்ப்பிலிருந்தோ இன்ஜெக்‌ஷன் பம்ப் சீலிலிருந்தோ கொஞ்சம் டீசல் உள்ளே இறங்கினால் ஆயில் தண்ணியாகும், பிரஷர் இறங்கும், லைட் மினுக்கும். அது பேரிங் தேய்மானம் மாதிரியே வேஷம் போடும்.

லைட்டை வைத்து முடிவெடுக்காதீர்கள். அது ஒரு சின்ன சுவிட்ச், அதற்கும் வயதாகிவிட்டது. ஒரு மெக்கானிக்கல் ஆயில் பிரஷர் கேஜை வாங்கி, சுவிட்ச் இருக்கும் இடத்தில் மாட்டி, லோடோடு ஐம்பது கி.மீ. ஓட்டிவிட்டுப் படியுங்கள். 6பிடிக்குச் சூட்டில் ஐடிலில் 10 பிஎஸ்ஐ, முழு ஆர்பிஎம்மில் 30 பிஎஸ்ஐ என்பது குறைந்தபட்சம். ஐடிலில் 15, ஓட்டத்தில் 45 என்று நின்றால் உங்கள் கீழ் வேலை, அதாவது கிராங்க் ஷாஃப்டும் அதைத் தாங்கும் பேரிங்கும், இன்னும் உயிரோடு இருக்கிறது, லைட் பொய் சொல்கிறது. ஐடிலில் 7, ஓட்டத்தில் 28 என்று தள்ளாடினால் ‘ரிங் போதும்’ என்ற பேச்சையே விட்டுவிடலாம்.

அடுத்த ஆயில் மாற்றும்போது பழைய ஃபில்டரைக் குப்பையில் எறியாமல் அறுத்துப் பாருங்கள். ஹேக்ஸா வேண்டாம், அதன் தூளே உள்ளே விழுந்து குழப்பும். உளி அல்லது பைப் கட்டரால் வாயைத் திறந்து, காகித மடிப்பை எடுத்துப் பிழிந்து, வெயிலில் விரித்துக் காட்டுங்கள். காந்தத்தில் ஒட்டும் தூள் இரும்பு, அது ரிங், போர், கியர் எதிலிருந்து வேண்டுமானாலும் வரலாம். ஒட்டாமல் செம்பு நிறத்தில் மின்னினால் பேரிங்கின் மேல் பூச்சு போய் அடிச் செம்பு தெரிய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அந்த மினுக்கத்தைப் பார்த்த பிறகு இன்னொரு நடை போகலாமா என்று யோசிக்காதீர்கள்.

இதுவரை சொன்னதற்கு ஒரு நாள் போதும், செலவு ஒரு கேஜும் ஒரு ஃபில்டரும்தான்.

இப்போது பணக் கணக்கு. மாதம் 8,000 கி.மீ. ஓடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 400-க்கு ஒரு லிட்டர் என்றால் மாதம் 20 லிட்டர் ஆயில். சம்ப்பே சுமார் 15 லிட்டர்தான் கொள்ளும், அதைவிட அதிகமாகக் குடிக்கிறது என்பதைக் கேட்டால் பகீர் என்றிருக்கும். லிட்டர் 300 ரூபாய் என்றால் மாதம் 6,000. சரி, மைலேஜைப் பாருங்கள். 4 கொடுத்த வண்டி 3.7 கொடுத்தால் அதே 8,000 கி.மீ.க்கு 162 லிட்டர் டீசல் கூடுதலாகப் போகிறது. லிட்டர் 92 ரூபாய் என்றால் ஏறக்குறைய 15,000. கண்ணுக்குத் தெரியும் ஆயிலைப் பார்த்துப் பதறுகிறோம், கண்ணுக்குத் தெரியாத டீசல் அதைவிட இரண்டரை மடங்கு தின்கிறது. ஆனால் அந்த 0.3 மைலேஜை இன்ஜின் வேலை திருப்பிக் கொடுக்கும் என்று எழுதி வாங்க முடியாது. டீசல் பீய்ச்சும் நாசில் சொட்டினாலும், பம்ப் கலிப்ரேஷன் போனாலும், பிரேக் பிடித்துக்கொண்டு ஓடினாலும் இதே அளவு இறங்கும். அதனால் ஆறு நாசிலையும் கழற்றி பம்ப் பட்டறையில் ஸ்பிரே பார்த்துவிடுங்கள். சொட்டும் நாசில் டீசலை மட்டும் வீணாக்குவதில்லை. போர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவி இறக்கி, ரிங்கையும் போரையும் உலர்த்தித் தேய்க்கிறது. நான் பார்த்த பல இன்ஜினில் ஒரே ஒரு போர் மட்டும் மோசமாக இருந்தால் அதற்கு நேர் மேலே ஒரு கெட்ட நாசில் உட்கார்ந்திருக்கும்.

இந்தக் கணக்கில் இன்னொரு எண்ணைச் சேர்க்க வேண்டும். வண்டிக்கு 15 வயது தாண்டிவிட்டது. 8 வயதுக்கு மேல் ஆண்டுக்கொரு எப்சி, அதாவது தகுதிச் சான்று. 15 தாண்டிய கனரக வண்டிக்கான எப்சி கட்டணத்தை மத்திய அரசு 2022 ஏப்ரலில் 12,500 ரூபாய் ஆக்கியது. டெல்லிப் பக்கம் இந்த வண்டியால் போக முடியாது, 10 வயது தாண்டிய டீசல் வண்டிக்கு அங்கே 2015-லேயே பசுமைத் தீர்ப்பாயம் தடை சொல்லிவிட்டது. ஆக, இனி உள்ளூர், பக்கத்து மாநிலம் என்றுதான் ஓடும். எத்தனை எப்சி இன்னும் எடுக்கப் போகிறீர்கள்? இதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும், மெக்கானிக் இல்லை. சேஸிஸ், கேபின், ஆக்ஸில் நன்றாக இருந்து நான்கைந்து எப்சி எடுப்பீர்கள் என்றால் ஒரு வேலை. ஒரு வருடத்தில் கொடுத்துவிடுவீர்கள் என்றால் வேறு வேலை. ஒரு வருடத்தில் விற்கப்போகும் வண்டிக்கு, பிரஷர் நன்றாக இருந்தால், நான் இன்ஜினைத் தொடவே மாட்டேன். கம்ப்ரஸரையும் நாசிலையும் பார்த்துவிட்டு, மாதம் 20 லிட்டர் ஆயிலை ஊற்றி ஓட்டுவேன். ஃபுல் இன்ஜின் செய்த வண்டி என்று சொன்னால் வாங்குபவர் கொஞ்சம் கூடக் கொடுப்பார், செலவழித்த அளவுக்கு ஒருநாளும் கொடுக்க மாட்டார்.

சரி, அளந்தாயிற்று, பிரஷரும் சரியில்லை, பிரிக்கத்தான் வேண்டும் என்று வைப்போம். அப்போதும் ஒரே மூச்சில் முடிவெடுக்க வேண்டாம். ஹெட்டைக் கழற்றுங்கள், நின்று பாருங்கள். சம்பைக் கழற்றுங்கள், மறுபடி நின்று பாருங்கள்.

ஹெட்டைக் கழற்றியதும் போரின் மேல் விளிம்புக்குக் கீழே விரல் நகத்தை வைத்து மேல்நோக்கி இழுங்கள். மேல் ரிங் திரும்பும் இடத்தில் ஒரு படி இருக்கும். அந்தப் படிக்கு மேலே ரிங் தொடாததால் அது புது இன்ஜினின் அளவு, கீழே தேய்ந்த அளவு. நகம் லேசாகத் தடுக்கினால் கேஜ் வைத்து அளக்கலாம். நகம் முட்டி நின்றால் கேஜ் வைக்கும் முன்பே பதில் தெரிந்துவிட்டது. ஹோனிங் கோடுகள், அதாவது குறுக்கும் நெடுக்குமாக வலை போலத் தெரியும் கோடுகள், பாதிக்கு மேல் இருக்கின்றனவா, இல்லை போர் முழுக்கக் கண்ணாடி மாதிரி வழுக்கிப் போயிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் போர் கேஜ். கண்ணால் பார்த்து ‘போர் நல்லா இருக்கு’ என்று சொல்லும் மெக்கானிக்கிடம் அளவை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். 6பிடியின் போர் 102 மி.மீ. 102.116 வரை தேய்மானம் அனுமதி. ஓவல், அதாவது ஒரே உயரத்தில் இரண்டு திசையில் அளந்தால் வரும் வித்தியாசம், 0.038-க்கு மேல் போகக்கூடாது. மேலும் கீழும் அளந்தால் வரும் டேப்பர் 0.076-க்கு மேல் போகக்கூடாது. ஒவ்வொரு போரிலும் மேலே, நடுவில், அடியில் என்று மூன்று உயரம், ஒவ்வொன்றிலும் கிராங்குக்கு நேராகவும் குறுக்காகவும். ஆறு போருக்கும் சேர்த்து 36 எண்கள். ஒரு அட்டையில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர முணுமுணுக்கும் பட்டறையில் வேலையைக் கொடுக்காதீர்கள்.

இத்தனை நுணுக்கம் எதற்கு என்று கேட்டால், ரிங்கின் கணக்கு அப்படி. ரிங் என்பது வாய் விட்ட ஒரு வளையல். போரின் விட்டம் 0.1 மி.மீ. கூடினால் சுற்றளவு 0.3 மி.மீ.க்கு மேல் கூடும், அந்தக் கூடுதல் அப்படியே ரிங் வாயின் இடைவெளியில் சேரும். ஓவலாகிப் போன போரில் வட்டமான புது ரிங்கைப் போட்டால் அது இரண்டு பக்கம் தொடும், இரண்டு பக்கம் தொடாது. அதனால்தான் ரிங் மட்டும் மாற்றிய வண்டி முதல் மாதம் நன்றாக ஓடிவிட்டு மூன்றாம் மாதம் பழையபடி குடிக்கிறது. ரிங் கம்பெனியைத் திட்டிப் பயன் இல்லை.

இந்த இன்ஜினில் ஒரு முக்கியமான விஷயம் உண்டு, உங்கள் முடிவே அதில்தான் தொங்குகிறது. 6பிடியில் லைனர், அதாவது பிளாக்குக்குள் தனியாகக் கழற்றி மாட்டும் உருளை, கிடையாது. பிளாக்கிலேயே போர். வெட் லைனர் இன்ஜின் என்றால் வண்டியை நிறுத்திய இடத்திலேயே, சேஸிஸிலிருந்து இறக்காமல், லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் புது செட் போட்டு முடித்துவிடலாம். இதில் முடியாது. போர் வரம்புக்குள் இருந்தால் ஹோன் செய்து, அதாவது கல்லால் லேசாக உரசி, ரிங் போடலாம். வரம்பைத் தாண்டிவிட்டால் பிளாக் இறங்கி, காலியாகி, லேத் பட்டறைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அங்கே 0.5 மி.மீ. ஓவர்சைஸ் (துளையை அந்த அளவுக்குப் பெரிதாக்குவது), அதுவும் பத்தாவிட்டால் 1 மி.மீ. அதற்கும் மேல் என்றால் ஸ்லீவ் (துளைக்குள் இறுக்கி இறக்கும் புது உருளை) இறக்கி மறுபடி ஸ்டாண்டர்டு. நடுவழி என்று ஒன்று இல்லை. ‘கொஞ்சம் தேய்ந்திருக்கு, ரிங்கைப் போட்டு ஓட்டுங்க’ என்பது நடுவழி மாதிரித் தெரிந்தாலும், காசை வாங்கிக்கொண்டு நாளைத் தள்ளுவதுதான் அது. ஐந்து போர் நன்றாக இருந்து ஒன்று மட்டும் கீறிப் போயிருந்தால் அந்த ஒன்றுக்கு மட்டும் ஸ்லீவ் போட்டு ஸ்டாண்டர்டுக்குக் கொண்டு வரலாம். ஆறையும் வெட்டச் சொல்லிப் பட்டறை சொல்லும், கேட்க வேண்டியதில்லை.

கீழே போவோம். சம்பைக் கழற்றி முதலில் ஒரு பிக் எண்ட் (கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் இடம்) கேப்பும் ஒரு மெயின் (கிராங்க் பிளாக்கில் உட்காரும் இடம்) கேப்பும் எடுத்துப் பாருங்கள். பேரிங் மேல் சாம்பல் நிறம் சீராக இருந்தால் நல்லது. அங்கங்கே செம்பு தெரிந்தால் முடிந்தது. சாம்பல் பரப்பில் மிளகுத் தூள் தூவிய மாதிரி கறுப்புப் புள்ளிகள் பதிந்திருந்தால் மண் உள்ளே போயிருக்கிறது. கிராங்கின் மெயின் ஜர்னல் (பேரிங்கில் சுழலும் பகுதி) 83 மி.மீ., 82.962-க்குக் கீழே போகக்கூடாது. பிக் எண்ட் ஜர்னல் 69, அது 68.962-க்குக் கீழே போகக்கூடாது. வரம்புக்குள் இருந்து, நகத்துக்குத் தட்டுப்படும் கீறல் இல்லாவிட்டால் பாலிஷ் பண்ணி ஸ்டாண்டர்டு பேரிங் போட்டால் போதும். கிராங்கைக் கண்டிப்பாக அரைக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. அரைத்தே ஆக வேண்டும் என்றால் முதலில் 0.25. பட்டறைக்காரர் ‘எதற்கும் 0.5 எடுத்துவிடுகிறேன்’ என்றால் ஏன் என்று கேளுங்கள். அடுத்த முறைக்கு உலோகம் மிச்சம் இருக்க வேண்டும். அரைக்கும் முன்பு கிராக் டெஸ்ட், அரைத்த பிறகு ஜர்னல் ஓரத்தில் இருக்கும் வளைவு பழையபடி வழுவழுப்பாக விடப்பட்டிருக்கிறதா என்ற பார்வை, இரண்டும் அவசியம். ஓரத்தைக் கூர்மையாக விட்ட கிராங்க் அந்த இடத்தில்தான் ஒருநாள் இரண்டாகும்.

‘மேல் வேலை (ஹெட், பிஸ்டன், ரிங்) செய்தால் கீழ் வேலை போய்விடும்’ என்று எல்லாப் பட்டறையிலும் சொல்வார்கள். கம்ப்ரஷன் ஏறிவிடுவதால் பழைய பேரிங் தாங்காது என்று காரணமும் சொல்வார்கள். நான் அதைப் பாதிதான் நம்புகிறேன். என் கையால் ஒரு இன்ஜினைக் கெடுத்த பிறகு கிடைத்த அறிவு இது. பல வருடம் முன்பு என் வண்டி ஒன்றில் போர் வரம்புக்குள்தான் இருந்தது, பேரிங்கும் நன்றாக இருந்தது. சிக்கனமாக முடிப்போம் என்று கிராங்க் உள்ளே இருக்கும்போதே மேலிருந்து ஹோனிங் பிரஷ்ஷை விட்டுச் சுற்றினோம். ஜர்னல் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினோம், முடிந்ததும் டீசல் நனைத்த துணியால் துடைத்தோம். புகை நின்றது, எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். நான்காம் மாதம் சேலம் தாண்டித் தொப்பூர் ஏற்றத்தில் லோடோடு ஏறும்போது உள்ளிருந்து தட்டல் சத்தம். கழற்றிப் பார்த்தால் நான்காவது பிக் எண்ட் பேரிங் செம்பாகிவிட்டது, மற்றவற்றிலும் அந்த மிளகுத் தூள். ஹோனிங் கல்லின் பொடி. டீசல் துணி அதைத் துடைத்து எடுக்கவில்லை, போரின் கோடுகளுக்குள் அப்பிவிட்டிருக்கிறது. ஆயில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே கொண்டுபோய்ச் சேர்த்தது. ‘கம்ப்ரஷன் தாங்கவில்லை’ என்றுதான் பட்டறையில் ஆறுதல் சொன்னார்கள். கிராங்க் 0.5 வரை அரைபட்டது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். ஹோன் செய்தாலும், போர் போட்டாலும், பிளாக்கைச் சுடுதண்ணீரும் சோப்புத் தூளும் போட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். துணி சோப்புதான், வேறு மந்திரம் இல்லை. கழுவிய போரில் ஆயில் தொட்ட வெள்ளைத் துணியை விட்டுத் துடையுங்கள். சாம்பல் நிறம் ஒட்டினால் மறுபடி கழுவ வேண்டும். நான்காவது, ஐந்தாவது முறைதான் துணி வெள்ளையாக வெளியே வரும். கழுவியவுடன் ஊதிக் காய வைத்து ஆயில் பூசிவிட வேண்டும், பத்து நிமிடம் விட்டால் துரு பிடிக்கும். ஆயில் வழிகளின் பிளக்குகளைக் கழற்றி உள்ளேயும் பிரஷ் விட வேண்டும். இதைச் செய்ய வேண்டுமென்றால் பிளாக் காலியாக இருக்க வேண்டும். அதனால் 6பிடியில் போரைத் தொடுவதாக இருந்தால் கிராங்கையும் எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. கிராங்கைத் தொடாமல் செய்யும் ஹாஃப் இன்ஜின் என்பது அளவில் எல்லாம் பாஸாகி, போரில் கல்லே வைக்காமல் ரிங் மாற்றும் வேலைக்கு மட்டும்தான் சரி. அந்தச் சந்தர்ப்பம் 9 லட்சம் ஓடிய இன்ஜினில் அபூர்வம்.

பிளாக் இறங்கிவிட்டது என்றால் சில இடங்களை விட்டுவிடக் கூடாது. மெயின் பேரிங் மேடையில் பிஸ்டனுக்கு அடியிலிருந்து ஆயில் பீய்ச்சும் சின்ன நாசில்கள் உண்டு. அவற்றில் ஒன்று அடைத்தாலும் அந்தப் பிஸ்டன் சூட்டில் பிடித்துவிடும், ஆறையும் ஊதிப் பாருங்கள். கேம் ஷாஃப்ட் தள்ளும் டேப்பெட் காளான் வடிவம், கேம் ஷாஃப்டை இழுக்காமல் மேலிருந்து எடுக்க வராது. இப்போது பார்க்காவிட்டால் அப்புறம் பார்க்க வழி இல்லை, முகத்தில் குழி விழுந்திருந்தால் மாற்றுங்கள். முன்பக்க டைமிங் கியர் கேஸில் ஒரு டவல் பின் (பாகங்களை நேராகப் பொருத்தி நிறுத்தும் சிறு இரும்பு முளை) உண்டு. பழைய 6பிடிகளில் அது அதிர்வில் மெல்ல நகர்ந்து கியருக்குள் விழுவது உலகம் முழுக்கத் தெரிந்த சங்கதி. உள்ளே தட்டி, வெளியே வராதபடி ஒரு சிறு தகடு கொடுத்துவிடுங்கள். சில ரூபாய் வேலை, விட்டால் கேம் கியரோடு போகும். ஆயில் பம்ப்பைப் புதிதாகப் போடுங்கள், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஆயில் கூலரையும் கழுவுங்கள். பழைய செம்புத் தூள் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஹெட்டுக்கு வால்வு கைடு, வால்வு சீட், கிராக் டெஸ்ட், இதெல்லாம் எல்லோரும் செய்வதுதான்.

ரெடி இன்ஜின் பற்றி. வண்டி ஒரு நாளும் நிற்கக்கூடாது, காண்ட்ராக்ட் போய்விடும் என்ற நிலை இருந்தால் யோசிக்கலாம். மற்றபடி எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. உள்ளே எந்த சைஸ் போர், கிராங்க் எத்தனை முறை அரைத்தது, பிளாக்கை எதில் கழுவினார்கள் என்று தெரியாத இன்ஜினுக்கு உங்கள் சொந்த பிளாக்கைக் கொடுத்துவிட்டு வருகிறீர்கள். வாங்குவதாக இருந்தால் அந்த 36 எண் அட்டையை அவர்களிடமும் கேளுங்கள். பிளாக் மாறினால் இன்ஜின் நம்பரும் மாறும், அதை ஆர்.சி.யில் ஏற்றாமல் ஓட்டினால் எப்சியிலும், விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் மாட்டிக்கொள்வீர்கள்.

இனி உங்கள் வண்டிக்கு என் யூகத்தைக் கேட்டால்: லைட் மினுக்குவதும் பிரீதர் புகையும் சேர்ந்து வருவதால் கீழும் மேலும் இரண்டும் போயிருக்க வாய்ப்பு அதிகம். கேஜ் 10-க்குக் கீழே காட்டி, நாலைந்து வருடம் ஓட்டுவதாகவும் இருந்தால் பிளாக்கை இறக்கி, 0.5 போர், கிராங்க்கை அளவு சொல்வதுபடி, பம்ப் கலிப்ரேஷனோடு முழுசாகச் செய்யுங்கள். கேஜ் 12, 13 என்று நின்று, ஃபில்டரில் செம்பு இல்லாமல், ஏர் டேங்கில் ஆயில் வந்தால் கம்ப்ரஸரையும் நாசிலையும் மட்டும் பார்த்துவிட்டு, 2,000 கி.மீ. ஓட்டி, மறுபடி ஆயில் கணக்கை எழுதுங்கள். 400-க்கு ஒன்று என்பது 700-க்கு ஒன்று ஆகிவிட்டால் அடுத்த எப்சி வரை யாரும் ஸ்பேனரை எடுக்க வேண்டாம்.

முழுசாகச் செய்தால் ஓட்ட ஆரம்பிப்பதைப் பற்றி ஒன்று. புது இன்ஜினை ஐடிலில் மணிக்கணக்கில் ஓடவிட்டு ‘செட் ஆகட்டும்’ என்பார்கள். விடாதீர்கள். ரிங் போரோடு பொருந்துவதற்கு அழுத்தம் வேண்டும், ஐடிலில் அது கிடைக்காது, போர் கண்ணாடியாகிவிடும். முதலில் ஸ்டார்ட் ஆகாதபடி டீசலை நிறுத்தி, கேஜில் பிரஷர் ஏறும்வரை செல்ஃப் அடியுங்கள். டர்போவுக்குள் கொஞ்சம் ஆயிலை ஊற்றி வையுங்கள். ஸ்டார்ட் ஆனதும் கசிவு பார்த்து, சூடேறியதும் பாதி லோடு ஏற்றி ரோட்டுக்குக் கொண்டுபோய், ஏற்றத்தில் நன்றாக இழுக்கவிட்டு, இறக்கத்தில் கியரிலேயே ஆக்ஸிலேட்டரை விட்டு, மாற்றி மாற்றி ஓட்டுங்கள். 1,000 கி.மீ.யில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, அந்த ஃபில்டரையும் அறுத்துப் பாருங்கள். அன்றைக்கே இன்ஜின் ஆறிய பிறகு டேப்பெட்டும் (வால்வு இடைவெளி) வைத்துவிடலாம், இன்லெட் 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.50 மி.மீ.